கருவிகளுக்குத் தேயாத பூச்சு: பொடியைவிடப் பிடிப்பே முக்கியம்

மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பு செட்டில் இம்பெல்லர் தேய்கிறது. சரளை நிலத்தை உழும் கலப்பையில் கொழு தேய்கிறது. உரம் தூவும் கருவியில் பெயிண்ட் உரிந்து தகடு துருப்பிடிக்கிறது. இவையெல்லாம் ஒரே நாளில் நடப்பவை அல்ல. ஆகவே விவசாயிகள் பலர் இத்தேய்மானத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பாகத்தை மாற்ற நேரும்போதுதான் கையைக் கடிக்கிறது.

இத்தகைய தேய்மானத்தைக் குறைப்பதற்கென்று இரும்பின் மீது பூசும் பாலிமர் பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் சில டின்களின் மேல் 'நானோ' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கும். 2021-ல் நானோ யூரியா விற்பனைக்கு வந்தது முதல் இச்சொல் கிராமங்களிலும் பழகிவிட்டது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. அது பயிருக்குத் தெளிப்பது. இது இரும்புக்குப் பூசுவது. இப்பூச்சு எவ்வாறு வேலை செய்கிறது, எந்த இடத்தில் பலன் தரும், எந்த இடத்தில் பூசினால் பணம் வீண் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பூச்சு தேய்வது எப்படி?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீளமாகக் கோத்துக்கொண்டு உண்டாகும் பொருள். பி.வி.சி. குழாய், பாலித்தீன் தாள், ரப்பர், எபாக்ஸிப் பிசின் ஆகிய எல்லாம் பாலிமர்களே. இவற்றில் இரும்புக்குப் பூசுவதற்கு அதிகம் பயன்படுவது எபாக்ஸி. இரண்டு டின்களாக வரும். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதைக் கெட்டிப்படுத்தும் திரவம் இருக்கும். இரண்டையும் கலந்து பூசினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும்.

எபாக்ஸிக்கு இரும்பை நன்றாகப் பற்றும் குணம் உண்டு. நீரையும் உரத்தின் உப்பையும் இரும்பில் படாமல் தடுக்கும். ஆனால் கடினத்தில் அது மணலுக்கு ஈடாகாது. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டுக் காட்டும் மோஸ் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் வைரம் 10, குருந்தக்கல் 9, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. சாதாரண இரும்புத் தகடு 4 அல்லது 5-தான். எபாக்ஸி அதைவிடவும் மென்மையானது. மணல் இரும்பையே கீறும் என்னும்போது பிசினைக் கீறுவதில் வியப்பில்லை.

தேய்மானம் மூன்று விதமாக ஏற்படுகிறது.

ஒன்று, கீறல். மண்ணில் உள்ள மணற்பருக்கை கலப்பைத் தகட்டின் மீது அழுந்தி ஓடும்போது கோடு கோடாகக் கீறிப் பூச்சைச் சுரண்டி எடுக்கிறது.

இரண்டு, மோதல். பம்புக்குள் சுழலும் நீரில் வரும் மணல் இம்பெல்லர் மீதும் ஓட்டின் மீதும் மோதிக் குழி உண்டாக்குகிறது. இங்கே வேகம்தான் பெரிய எதிரி. நீரின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் சுமார் 4 முதல் 8 மடங்கு வரை ஏறும்.

மூன்று, உரிதல். பூச்சில் விழுந்த சிறு கீறல் வழியே நீர் உள்ளே போய் அடியில் துரு பிடிக்கும். துரு பருத்துப் பூச்சைத் தூக்கிவிடும். மேலே பார்க்கப் பூச்சு நன்றாகவே தெரியும். விரல் நகத்தால் நெம்பினால் ஏடாகப் பெயர்ந்து வரும்.

கடினப் பொடி கலப்பது ஏன்?

மென்மையான பிசினில் கடினமான பொடியைக் கலந்தால் மணலின் கீறலை அப்பொடி தாங்கிக்கொள்ளும் என்பதே அடிப்படை. இது புதிய யோசனை அன்று. சுண்ணாம்பில் மணலைச் சேர்த்துச் சாந்து குழைப்பதும் இதே முறைதான். பூச்சுகளில் சிலிக்கா, அலுமினா, சிலிக்கான் கார்பைடு ஆகிய பொடிகளைச் சேர்க்கிறார்கள்.

நம் வீட்டு வாசலிலேயே இதற்கு ஓர் உதாரணம் நிற்கிறது. டிராக்டர் டயரும் டயர் வண்டியின் சக்கரமும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் ரப்பரில் கலந்த கரிப்பொடி. இதைக் கார்பன் பிளாக் என்பார்கள். நிறத்துக்காக மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. கரிப்பொடி சேராத டயர் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்தக் கரிப்பொடியின் அடிப்படைத் துகள்கள் மிக மிக நுண்ணியவை. இன்று நானோ என்று சொல்லும் அளவில் உள்ளவை. அந்தச் சொல் பழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே டயர் ஆலைகள் இதைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

நானோ என்றால் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். மனிதத் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோ மீட்டர் வரை அளவுள்ள துகளையே நானோ துகள் என்கிறார்கள்.

இவ்வளவு சிறியதாக அரைப்பதால் என்ன பயன்? பருக்கையாக உள்ள பொடி பிசினிலிருந்து பெயர்ந்தால் பெரிய குழி விழும். பெயர்ந்த பருக்கை அங்கேயே உருண்டு மேலும் பூச்சைக் கீறும். நுண்ணிய துகளில் இந்தத் தொல்லை குறைவு. பூச்சு வழவழப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதே எடைக்குக் கோடிக்கணக்கான துகள்கள் கிடைப்பதால் அவை பூச்சு முழுவதிலும் நெருக்கமாகப் பரவி நிற்கும்.

மற்றொரு முக்கியமான மாற்றம் மேற்பரப்பில் நடக்கிறது. பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதே கல்லைப் பக்கத்துக்கு 10 நானோ மீட்டர் உள்ள துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகும். நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் நிலம். சுண்டைக்காய் அளவுக் கல்லில் 15 சென்ட் மேற்பரப்பு! அவ்வளவு பரப்பிலும் பிசின் பற்றிக்கொண்டால் பலம் மிகும். பற்றாமல் போனால் அவ்வளவு பரப்பும் பலவீனமே. இங்கேதான் பூச்சின் வெற்றியும் தோல்வியும் தீர்மானமாகின்றன.

பொடி ஏன் பிடிப்பதில்லை?

சிலிக்கா துகளின் மேற்பரப்புக்கு நீரை விரும்பும் குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிசினோ எண்ணெய்க் குணமுள்ளது. நீரும் எண்ணெயும் சேருமா? அதனால் சிலிக்கா துகள்கள் பிசினை நாடாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடுகின்றன. மழைக்காலத்தில் மூட்டையில் யூரியா கட்டிபிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோன்ற கட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பூச்சுக்குள் இருக்கும்.

இப்படிக் கட்டி விழுந்த பூச்சுக்கு இரண்டு கெடுதல்கள் உண்டு. கட்டியின் உட்புறத்துக்குப் பிசின் போய்ச் சேராது. ஆகவே சிறு அடி பட்டாலும் அந்த இடம் பொரிந்து உதிரும். மேலும் துகளுக்கும் பிசினுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியாக நீர் ஊறி அடி இரும்பைத் தொடும். நானோ பொடி கலந்த பூச்சு, பொடியே கலக்காத பூச்சைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவதும் இதனால்தான்.

கிணற்றுச் சுவர் கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டல் ஒட்டிய மணலை அலசாமல் சாந்து குழைத்தால் சிமெண்டு எவ்வளவு சேர்த்தாலும் சுவர் பொரிந்துவிடும். குறை சிமெண்டில் இல்லை. மணலின் மேலே படிந்த வண்டலில் இருக்கிறது.

துகளுக்கும் விதை நேர்த்தி

பயறு, உளுந்து, நிலக்கடலை விதைகளுக்கு ரைசோபியம் நேர்த்தி செய்யும்போது பொடியை வெறும் விதையின் மேல் தூவுவதில்லை. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின் மேல் சீராகப் படியுமாறு பிரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கிறோம். கஞ்சி இல்லாவிட்டால் பொடி விதையில் தங்காது. பூச்சுக்குச் சேர்க்கும் நானோ துகளுக்கும் இப்படி ஒரு நேர்த்தி செய்கிறார்கள். இதற்கு மேற்பரப்பு நேர்த்தி என்று பெயர்.

இதற்கு அதிகம் பயன்படும் பொருள் சிலேன் என்ற ரசாயனம். இதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை ஈரத்தில் பட்டதும் மாறுதலடைந்து சிலிக்கா துகளின் மேற்பரப்பை இறுகப் பிணைத்துக்கொள்ளும். மறு முனை பிசினோடு சேர்ந்து கெட்டியாகும். நுகத்தடியையும் ஏர்க்காலையும் சேர்த்துக் கட்டும் வடக்கயிறு போன்றது இது. மாடும் பலமாக இருக்கலாம், ஏரும் பலமாக இருக்கலாம். வடம் அறுந்தால் உழவு நடக்காது.

எந்தப் பிசினுக்கு எந்தச் சிலேன் என்பதும் முக்கியம். எபாக்ஸிக்கு அமின் அல்லது எபாக்ஸி முனையுள்ள சிலேன் பொருந்தும். பாலியெஸ்டருக்கு வேறு முனை வேண்டும். நெல்லுக்கு உரிய மருந்தைக் கடலைக்குத் தெளித்தால் என்ன பலனோ, பொருந்தாத சிலேனுக்கும் அதே பலன்தான். விலை குறைந்த சுண்ணாம்புப் பொடிகளுக்கு ஸ்டீயரிக் அமிலத்தால் நேர்த்தி செய்வார்கள். அப்படிச் செய்த பொடியை நீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். சேப்பங்கிழங்கு இலையில் நீர் ஒட்டாமல் உருளுவது போன்ற தோற்றம் அது. பொடி கட்டிபிடிக்காமல் பிசினில் கரைவதுபோல் பரவ இந்த நேர்த்தி உதவும். ஆனால் சிலேனைப்போல் பிசினோடு பிணைப்பு உண்டாக்காது.

இதற்கு முன் நடந்தவை

கண்ணாடி இழைப் படகுகளை நம் கடற்கரைகளில் எங்கும் காணலாம். கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் பிசினில் அமிழ்த்திச் செய்யும் பொருள் அது. ஆரம்ப காலத்தில் இப்பொருள் நீரில் கிடக்கக் கிடக்கப் பலம் இழந்தது. கண்ணாடிக்கும் பிசினுக்கும் இடையே நீர் புகுந்ததே காரணம். கண்ணாடியும் சிலிக்காதானே. சிலேன் நேர்த்தி பழக்கத்துக்கு வந்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது.

டயர் தொழிலிலும் இவ்வாறே. சிலிக்காவை ரப்பரில் சேர்க்கும் முயற்சி பல காலம் நடந்தும் அது ரப்பரோடு சரியாகச் சேரவில்லை. சிலேன் கொண்டு பிணைத்த சிலிக்கா கலந்த கார் டயரை 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸ் நாட்டு மிச்லின் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாலையில் உருளும் தடை குறைந்து எண்ணெய்ச் செலவு மிச்சமாயிற்று.

டெஃப்லான் என்ற பாலிமர் வழவழப்புக்குப் பெயர் பெற்றது, ஆனால் சீக்கிரம் தேய்வது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதில் 38 நானோ மீட்டர் அளவுள்ள அலுமினா துகளைக் கலந்து பார்த்தார்கள். எடையில் 20 சதம் கலந்தபோது தேய்மானம் தாங்கும் திறன் சுமார் 600 மடங்கு கூடியது என்று 2003-ல் வெளியிட்டார்கள். இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வழவழப்பான எஃகின் மேல், மண்ணும் மணலும் இல்லாமல் உரசிப் பார்த்த சோதனை அது. சேற்றிலும் சரளையிலும் உழும் கலப்பைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விற்பவர் 'இத்தனை மடங்கு' என்று சொன்னால், எதன் மேல், எதைக் கொண்டு உரசிய சோதனை என்று கேளுங்கள்.

உமியிலும் இருக்கிறது சிலிக்கா

நெல்லில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆக 100 கிலோ நெல்லிலிருந்து சுமார் 3½ கிலோ சிலிக்கா கிடைக்கும். அரிசி ஆலையின் ரப்பர் உருளைகள் தேய்வதற்கும் உமியிலுள்ள இந்தச் சிலிக்காவே காரணம். உமியைச் சூடு மிகாமல் பக்குவமாக எரித்து, அமிலத்தால் கழுவிச் சுத்தம் செய்து, அச்சாம்பலிலிருந்து நானோ சிலிக்கா தயாரிக்க முடியும் என்று ஆராய்ச்சிச் சாலைகளில் காட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பெயிண்டில் கொட்ட வேண்டாம். அதில் கரியும் உப்பும் கலந்திருக்கும். நேர்த்தி செய்யாத பொடி கட்டிபிடிக்கும் என்பதை மேலே பார்த்தோம். சூடு மிகுந்து எரிந்த சாம்பலில் உண்டாகும் படிகச் சிலிக்கா நுரையீரலுக்கும் கேடு.

பூசத் தகுந்த இடங்கள்

1. பம்பு ஓட்டின் உட்புறம். துருவும் நுண்மணலும் சேர்ந்து தாக்கும் இடம் இது. அதிகக் குழி விழுந்த ஓட்டுக்கு நானோ துகள் மட்டும் போதாது. பெரிய பீங்கான் பருக்கைகளும் நுண்துகளும் சேர்ந்த கெட்டியான எபாக்ஸிச் சாந்தை முதலில் அப்பி மட்டம் செய்த பிறகே மேல்பூச்சு பூச வேண்டும்.

2. உரம் தூவும் கருவி, விதைக் கருவியின் பெட்டி, கதிரடிக்கும் இயந்திரத்தின் வெளித்தகடு. இங்கே உரசல் குறைவு, உப்பும் ஈரமும் அதிகம். நல்ல பூச்சு நீண்ட நாள் நிற்கும்.

3. களிமண் ஒட்டும் தகடுகள். சேற்று உழவில் கேஜ் வீல் தகடுகளில் மண் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தாய்லாந்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் இத்தகடுகளுக்கு எனாமல் முதலிய பூச்சுகளைப் பூசி மண் ஒட்டுவது குறைகிறதா என்று சோதித்தார்கள். ஒட்டாத பூச்சுகளுக்கு மண்ணில் தேயாமல் நிற்பதுதான் சோதனை. கல் இல்லாத சேற்று நிலத்தில் முயன்று பார்க்கலாம்.

பூசக் கூடாத இடங்கள்

கலப்பைக் கொழுவின் முனை, கல்டிவேட்டர் கொழு, ரோட்டவேட்டர் கத்தியின் விளிம்பு ஆகியவற்றில் எந்தப் பாலிமர் பூச்சும் நிற்காது. முதல் ஏக்கரிலேயே போய்விடும். அவற்றுக்குப் பட்டறையில் கடின உலோகத்தை வெல்டிங் செய்து முனை கட்டுவதே முறை.

பம்பில் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே மிகக் குறைந்த இடைவெளியே இருக்கும். அந்த இடத்தில் பூச்சு படிந்தால் இம்பெல்லர் இறுகிக்கொள்ளும். இம்பெல்லரில் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் பூசினால் ஓடும்போது அதிர்ந்து பேரிங் கெடும். ஆகவே இம்பெல்லருக்குப் பூசுவதைத் தேர்ந்த பட்டறையில் விடவும்.

குடிதண்ணீருக்கும் அதே பம்பைப் பயன்படுத்துவோர், குடிநீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பூச்சை மட்டுமே வாங்க வேண்டும். தானியம் படும் பாகங்களுக்கும் இப்படியே.

பூசும் முறை

துகளுக்கும் பிசினுக்கும் உள்ள பிடிப்பை ஆலை கவனித்துக்கொள்கிறது. பிசினுக்கும் இரும்புக்கும் உள்ள பிடிப்பு நம் கையில் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த பூச்சானாலும் துருவின் மேல் பூசினால் துருவோடு சேர்ந்து உதிரும்.

1. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் தின்னர் நனைத்த துணியால் துடைக்கவும்.

2. துருவையும் பழைய பெயிண்டையும் கம்பி பிரஷ், எமரி தாள் கொண்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எடுக்கவும். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பான இரும்பில் பூச்சு பற்றாது.

3. சுத்தம் செய்த அன்றே பூசிவிடவும். மறுநாளுக்கு வைத்தால் இரவு ஈரத்தில் மீண்டும் மெல்லிய துரு படியும்.

4. மழை நாளிலும், பனி இறங்கும் அதிகாலையிலும் பூச வேண்டாம். வெயில் ஏறி இரும்பு நன்கு உலர்ந்தபின் பூசவும்.

5. இரண்டு டின்களிலும் உள்ளதை டின்னில் கண்ட விகிதப்படி அளந்து கலக்கவும். சீக்கிரம் காயட்டும் என்று கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கூட்டினால் பூச்சு பலம் குறைந்துவிடும். பொடி அடியில் படிந்திருந்தால் கலப்பதற்கு முன் டின்னின் அடிவரை நன்றாகக் கிளறவும்.

6. கலந்ததை டின்னில் குறித்த நேரத்துக்குள் பூசித் தீர்க்கவும். தேவைக்கு மட்டும் சிறிது சிறிதாகக் கலப்பது சிக்கனம்.

7. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல் இரண்டு தடவையாகப் பூசவும். மூலைகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெலிந்து நிற்கும். அங்கே ஒரு தடவை கூடுதலாகப் பூசவும்.

8. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். முழுப் பலம் பெற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

வெயிலில் கிடக்கும் கருவிகளில் எபாக்ஸி மேலே சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துப் பொடியும். அவற்றுக்கு மேல்பூச்சாகப் பாலியூரிதேன் பூசுவது நல்லது. பூசிய பாகத்தில் பின்னால் வெல்டிங் வைக்க நேர்ந்தால் அந்த இடத்தில் பூச்சு கருகிவிடும். வெல்டிங் வேலைகளை முதலிலேயே முடித்துக்கொள்ளவும்.

எச்சரிக்கை

பொடியைத் தனியே வாங்கிச் சாதாரண பெயிண்டில் குச்சியால் கலக்கும் முயற்சி வேண்டாம். ஆலைகளில் நானோ துகளைப் பரப்ப அதிவேகக் கலப்பான்களும் மணி அரைவைகளும் பயன்படுகின்றன. கையால் கலக்கினால் கட்டிதான் மிஞ்சும். பொடி அதிகமானால் நல்லது என்ற எண்ணமும் தவறு. பூச்சுகளில் நானோ துகளின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 5 பங்குக்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் பூச்சு தடித்து, காய்ந்தபின் நொறுங்கும் தன்மை பெறக்கூடும்.

உலர்ந்த பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. நீர் தெளித்துத் தேய்க்கவும். முகமூடி அணியவும். வெறும் துணிக் கட்டு நுண்ணிய தூசியை முழுதும் தடுக்காது. மணலை வீசித் துரு எடுக்கும் முறையில் எழும் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அது வந்தபின் குணமாவதில்லை. எபாக்ஸி கையில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். கையுறை அவசியம். பூசும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். பீடி, சிகரெட், அடுப்பு அருகில் கூடாது.

கணக்குப் பார்த்து வாங்குங்கள்

ஓர் உதாரணம். பம்பின் ஓட்டையும் இம்பெல்லரையும் மாற்ற 6,000 ரூபாய் ஆகிறது, அவை 3 ஆண்டு உழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 2,000 ரூபாய். பூச்சுக்குக் கூலியோடு 1,500 ரூபாய் ஆனால் மொத்தம் 7,500. பாகங்கள் 5 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய்தான், லாபம். மூன்றரை ஆண்டில் போய்விட்டால் ஆண்டுக்கு 2,140 ரூபாய்க்கு மேல் ஆகும், நஷ்டம். இந்தக் கணக்கில் 3 ஆண்டு 9 மாதத்துக்கு மேல் உழைத்தால்தான் பூச்சுக்குப் போட்ட பணம் திரும்பும். உங்கள் பம்பின் தொகைகளைப் போட்டு இப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

பம்பு தேய்ந்திருப்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கிணற்று நீர்மட்டம் ஒரே அளவில் இருக்கும் மாதத்தில் ஆண்டுதோறும் பார்த்து எழுதி வைக்கவும். நேரம் கூடிக்கொண்டே போனால் உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. புட்வால்வையும் குழாய் இணைப்புகளையும் பார்த்தபின் பம்பைக் கழற்றிப் பார்க்கலாம். மணல் வருவதைக் குறைப்பதே முதல் வைத்தியம். கிணற்றைத் தூர் வாருவது, புட்வால்வை அடிமட்டத்திலிருந்து உயர்த்தி வைப்பது, வலையைச் சரிசெய்வது ஆகியவற்றுக்குப் பின்னரே பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். துகள் மேற்பரப்பு நேர்த்தி செய்யப்பட்டதா? எந்தப் பிசின்? டேபர் தேய்மானச் சோதனையில் 1,000 சுற்றுக்கு எத்தனை மில்லிகிராம் குறைந்தது? எந்தச் சக்கரம், எத்தனை எடை வைத்துச் சோதித்தார்கள்? இரண்டு பூச்சுகளை ஒப்பிடும்போது சக்கரமும் எடையும் ஒன்றாக இருந்தால்தான் எண்களை ஒப்பிடலாம். இந்த விவரங்கள் கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தாளை வரவழைத்துத் தரச் சொல்லலாம். தாளே இல்லாத டின்னை 'நானோ' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

புது நெல் ரகம் வந்தால் வயல் முழுவதும் நடாமல் ஒரு பாத்தியில் நட்டுப் பார்ப்பது நம் வழக்கம். இதிலும் அப்படியே செய்யலாம். கேஜ் வீல் ஒன்றில் ஒன்றுவிட்டு ஒரு தகட்டுக்குப் பூசி ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். உரப்பெட்டியில் பாதிக்குப் புதிய பூச்சும் பாதிக்குச் சாதாரண பெயிண்டும் பூசிப் பாருங்கள். பூசிய தேதி, ஓட்டிய மணி, பூச்சு உரிந்த இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு பருவத்தில் உங்கள் மண்ணும் உங்கள் தண்ணீரும் சொல்லும் பதில், எந்த விளம்பரத்தையும்விட நம்பத் தகுந்தது. அதன்படி நடந்தால் பூச்சுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கருவியின் ஆயுளாகத் திரும்பி வரும்.